குழுவின் அனுமதியின்றித் தொடக் கூடாது

சிவப்பு சிவப்பாகத்தான் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு காலத்தில் ஒரு குழு இருந்தது. பச்சையும் நீலமும்கூட அதன் பொறுப்பில்தான் இருந்தன. மூன்று வருடம் கூடிக் கூடிப் பார்த்துவிட்டு, சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது என்று அறிக்கை கொடுத்துவிட்டு அது கலைந்தது. கலைந்து ஒன்பது வருடம் ஆகிறது.

அந்தக் குழுவை வைத்திருந்த நிறுவனம் ஒரு லைப்ரரியைப் பராமரித்து வந்தது. லைப்ரரி என்றதும் அலமாரியையும் தூசியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கம்ப்யூட்டர்க்காரர்கள் சொல்லும் லைப்ரரி. யார் எந்த ஆப் எழுதினாலும், அதில் ஒரு படம் திரையில் தெரிய வேண்டுமென்றால் அடியில் இருந்து அதை வரைந்து கொடுக்கிற பொது நிரல். வெளியே அதன் பெயர் யாருக்கும் தெரியாது. உள்ளே அதற்கென்று நாற்பது பேர் இருந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் அதைப் பற்றிப் பேசினார்கள், இரண்டு பேர் அதை எழுதினார்கள். அந்த இருவரில் ஒருவர் நீண்ட விடுப்பில் இருந்தார்.

மிச்சமிருந்தவர்தான் நம் ஆள். வயது ஐம்பது. கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவதே வேலை என்பதால் அலுவலகத்தில் அவரை ‘ஒட்டு’ என்றே கூப்பிட்டார்கள். அவர் அதற்காக முகம் சுளித்ததில்லை. வீட்டில் அக்கா முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவள். ஒட்டுப் போடுவது குடும்பத் தொழில் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அக்காவுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். மெஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள், உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டும் பேசுவாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் உலகச் செய்தி முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் படியிறங்க முடியும். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால் தம்பி, “வீட்ல இன்னொருத்தர் பேச இடமில்லைங்க” என்பார். அக்கா அதற்கும் ஒரு மணி நேரம் பதில் சொல்வாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவளைப் பக்கவாதம் அடித்துவிட்டது. வலது கை போனது, வலது கால் போனது, பேச்சு போனது. புத்தி மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே கிடந்தது, வெளியே வர வழியில்லை. அவள் கண்களைப் பார்த்தால் அது தெரியும். பார்க்க முடியாமல் தம்பி பல நாள் வேறு பக்கம் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். சின்னது, மலிவானது, நினைவகம் குறைவு. அதில் படப்பலகை என்று ஒரே ஒரு ஆப். நாற்பத்திரண்டு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு படம். தொட்டால் படம் திரை முழுக்க விரியும், ஒரு பெண் குரல் அதன் பெயரைச் சொல்லும். வலிக்கு மட்டும் சிவப்பு வட்டம், ஆஸ்பத்திரியே போட்டுக் கொடுத்தது. மற்ற படங்களைத் தம்பிதான் வீட்டிலேயே எடுத்துப் போட்டார். தண்ணீர் டம்ளர், தலையணை, ஜன்னல், கதவு, கடிகாரம், குடை, மெஷின், பொத்தான் டப்பா, பக்கத்து வீட்டம்மா, தம்பியின் முகம், கத்தரிக்கோல்.

இடது கைச் சுட்டுவிரலால் அக்கா மறுபடியும் ரேடியோ ஆனாள். கடிகாரம், கதவு, தம்பி என்று தொட்டால் ஏன் இவ்வளவு நேரம் என்று அர்த்தம். பக்கத்து வீட்டம்மா, தலையணை என்றால் அந்தம்மா வந்து தூங்கிவிட்டுப் போனாள் என்று அர்த்தம். பேச்சு முடிந்ததும் கத்தரிக்கோல். தைத்து முடித்தால் நூலை வெட்டத்தானே வேண்டும். கத்தரிக்கோலைத் தொடாதவரை அவள் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று பொருள், தம்பி எழுந்து போகக் கூடாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பலகை, லைப்ரரியின் புதிய பதிப்பு வந்த வாரத்தில் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஏழு படம் தொட்டதும் தானாக மூடிக்கொண்டது. திரும்பத் திறக்க நாலு நிமிடம். அக்கா ஏழு படத்துக்குள் வாக்கியத்தை முடிக்கப் பழகினாள். வாழ்நாளில் ஏழு வார்த்தையில் எதையும் சொல்லியறியாதவள், தொடுவதற்கு முன்னால் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தாள். அந்த விரலைப் பார்க்கத்தான் தம்பியால் தாங்க முடியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. லைப்ரரி எந்தப் படத்தை வரைந்தாலும், வரைவதற்கு முன்பே அதற்கு ஒரு நகல் எடுத்து நினைவகத்தில் பத்திரப்படுத்தியது. வண்ணச் சரிபார்ப்புக் குழு எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் அல்லவா, அதற்காக. குழு கலைந்தது, நகல் எடுப்பது நிற்கவில்லை. போதாததற்குப் புதிய பதிப்பில், குழுவின் கண்ணுக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று நகலின் அளவை மூன்று மடங்காக்கியிருந்தார்கள். எந்தக் கண் என்று யாரும் கேட்கவில்லை. மொத்தமே பதினோரு வரி நிரல். அதற்கு மேலே ஒரு குறிப்பு: குழுவின் அனுமதியின்றித் தொடக் கூடாது.

அந்த வரிகளில் கை வைத்தால் கம்ப்யூட்டர் ஏற்காது, மேலிடத்தில் மணி அடிக்கும், வைத்தவரின் பெயர் உடனே போய்விடும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். யாரும் வைத்துப் பார்த்ததில்லை. நம் ஆளும் விதிப்படி நடக்கிறவர். வீட்டு டேப்லெட்டில் பழைய பதிப்பை ஏற்றிப் பார்த்தார். ஆஸ்பத்திரியின் ஏற்பாடு மறுநாளே புதியதை இறக்கிக்கொண்டது. பெரிய டேப்லெட் கேட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதினார். வரிசையில் அறுபத்து மூன்றாவது இடம் கிடைத்தது. வேறு வழியில்லாமல், வரிகளை நீக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டார்.

விண்ணப்பம் மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. அனுமதி தர வேண்டிய குழு இல்லை என்பதால் அனுமதி தருவதற்கில்லை என்று எழுதியிருந்தது. நம் ஆள் மேலாளரிடம் போய், “இல்லாத குழுகிட்ட எப்படிங்க அனுமதி வாங்கறது?” என்று கேட்டார். மேலாளர் இதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாமல் ஆலோசனையாக எடுத்துக்கொண்டு, குழுவைத் திரும்ப அமைத்துவிட்டார். ஒரு தலைவர், ஒரு செயலாளர் அம்மா, ஐந்து உறுப்பினர்கள், ஒரு நீள மேஜை.

முதல் கூட்டத்தில் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். நினைவகச் சிக்கனம் தன் உயிர் மூச்சு என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

“நகலை நீக்கணும்ங்கறீங்க. நல்ல விஷயம். ஆனா எதை நீக்கறோம்னு தெரியாம எப்படி நீக்கறது? நாளைக்கு யாராச்சும் கேட்டா நாம என்ன பதில் சொல்றது? அதனால நீக்கறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு நகலுக்கும் ஒரு ஆய்வு நகல் எடுத்து வெச்சுக்குவோம். அதைப் பார்த்துட்டு நிதானமா முடிவு பண்ணலாம்.”

“சார், அது இன்னும் ரெண்டு மடங்கு இடம் எடுக்குமே” என்றார் நம் ஆள்.

“தற்காலிகமாத்தானே” என்றார் தலைவர். மேஜை முழுவதும் தலையாட்டியது.

ஆய்வு நகல் வந்த வாரத்தில் அக்காவின் ஏழு படம் நான்கானது.

இரண்டு மாதம் கழித்து நினைவகச் சிக்கன மாதம் அறிவிக்கப்பட்டது. லைப்ரரியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆப்பும் திறக்கும்போது ஒரு சின்னம் காட்ட வேண்டும் என்று முடிவானது. சின்னத்தில் தலைவர் இரண்டு விரலைக் குறுக்கிப் பிடித்துச் சிரித்தார், சிறிதாகச் செலவழியுங்கள் என்பது கருத்து. சுவரொட்டிக்காக எடுத்த படத்தை அப்படியே தூக்கிப் போட்டிருந்தார்கள். அந்தப் படம், அதன் நகல், நகலின் நகல் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்ததும் நான்கு படம் மூன்றானது. காலையில் பலகையைத் திறந்த அக்கா சிரிக்கும் மனிதரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கினாள்.

“எங்க தலைவர் அக்கா” என்றார் தம்பி.

அக்கா மூன்று படத்தில் ஒன்றை எடுத்து அவருக்காகச் செலவழித்தாள். கத்தரிக்கோல். தம்பி ரொம்ப நாள் கழித்து அன்றைக்குச் சிரித்தார்.

சின்னம் வந்த பிறகு ஊரெல்லாம் ஆப்புகள் தானாக மூடிக்கொள்வதாகப் புகார்கள் குவிந்தன. குழு அவசரமாகக் கூடியது. செயலாளர் அம்மா புகார்களை அகர வரிசையில் வாசித்தார். தலைவர் மேஜையைத் தட்டினார்.

“பாதியில மூடிக்கறதுங்கறது எவ்வளவு பெரிய அவமானம்? இனிமே நம்ம லைப்ரரி மூடிக்கவே கூடாது. இடம் பத்தலைன்னா அப்படியே நிக்கட்டும். நிக்கறது கௌரவம். அப்புறம் இன்னொண்ணு. இடம் பத்தாம நகல் விட்டுப்போயிடக் கூடாது. முதல்ல நகலுக்கு இடம் ஒதுக்கிடுங்க. மிச்சமிருந்தா படத்தை வரையட்டும்.”

“படம் தெரியறதுக்குத்தானே சார் லைப்ரரி?” என்றார் நம் ஆள்.

“படம் இன்னைக்குத் தெரியும், நாளைக்குப் போயிடும். நகல்தான் நிக்கும், ஒட்டு.”

அந்த மாற்றத்தை எழுத வேண்டியவரும் நம் ஆள்தான். எழுதினார். அதற்குக் குழுவின் அனுமதி இருந்தது.

அதன் பிறகு பலகை மூடிக்கொள்ளவில்லை. ஒரு படமோ இரண்டு படமோ வரும், கடைசியாக வந்த படத்தோடு திரை அப்படியே உறைந்துவிடும், குரலும் வராது. தொட்டது உள்ளே பதிவானதா இல்லையா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. நிறுத்தித் திரும்பத் திறக்க இரண்டு கை வேண்டும், அக்காவிடம் இருந்தது ஒன்று. தம்பி வீட்டில் இருக்கும்போது அவர் செய்தார். இல்லாதபோது பக்கத்து வீட்டம்மாவுக்கு அந்த வித்தை பிடிபடவில்லை.

“அடுத்த வாரம் கூட்டம் இருக்கு அக்கா. இந்தத் தடவை அனுமதி குடுத்துடுவாங்க” என்று அவர் தினமும் சொன்னார். ஏழு மாதம் சொன்னார். அக்கா நம்பினாளோ இல்லையோ, அவர் பக்கம் திரும்பி இடது கண்ணை மட்டும் மூடித் திறப்பாள்.

கடைசியில் அனுமதி உண்மையாகவே கனிந்து வந்தது. ஆய்வு முடிந்துவிட்டது, நகல்களால் பயன் எதுவும் தெரியவில்லை, ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வரிகளை எடுத்துவிடலாம் என்று செயலாளர் அம்மா தகவல் அனுப்பினார். கூட்டம் நடக்கும் அன்று காலையில் மழை வரும்போல் இருந்தது. நம் ஆள் சந்தோஷத்தில் குடையை மறந்துவிட்டுக் கிளம்பினார். பக்கத்து வீட்டம்மா அக்காவுக்குத் துணையாக வந்து உட்கார்ந்தாள்.

கூட்டம் பதினொன்றரைக்குத் தொடங்கியது. படிவத்தின் வாசகத்தில் ‘எதுவும்’ போதுமா, ‘எதுவுமே’ வேண்டுமா என்று ஒரு மணி நேரம் விவாதம் போனது. பன்னிரண்டே முக்காலுக்கு அவருடைய போன் அதிர்ந்தது. கூட்டத்தில் போன் எடுக்கக் கூடாது என்பது விதி. மூன்றாவது முறை அதிர்ந்தபோது எடுத்தார். பக்கத்து வீட்டம்மா அழுதுகொண்டிருந்தாள்.

அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது அக்கா தலையணையில் சாய்ந்தபடியே இருந்தாள். இடது கை டேப்லெட்டின் மேல் கிடந்தது.

“கஷ்டப்படாம போயிட்டாங்க தம்பி. நான் அடுப்படிக்கும் இங்கயுமா வந்து வந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். உங்க போட்டோவையே போட்டு வெச்சுக்கிட்டு, அதைத் தடவிக்கிட்டே படுத்திருந்தாங்க. அவ்வளவு பாசம். தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்” என்றாள்.

திரையில் தம்பியின் முகம் உறைந்து நின்றது. அவர் டேப்லெட்டை நிறுத்தவில்லை. சார்ஜரில் போட்டு அப்படியே வைத்தார்.

எல்லாம் முடிந்த நான்காம் நாள், ஒரு கேபிளை எடுத்து டேப்லெட்டைத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தார். திரை செத்திருந்தாலும் உள்ளே நகல்கள் இருக்கும். முதலில் நகல், மிச்சமிருந்தால் படம் என்று எழுதியது அவர்தானே. நகல்கள் இருந்தன. தொட்ட நேரத்தோடு, தொட்ட வரிசையில், பத்தொன்பது.

முதல் படம் தம்பி முகம், அது மட்டும் திரையில் வந்திருந்தது. அடுத்தது வலி. மறுபடி வலி. தண்ணீர். வலி. பக்கத்து வீட்டம்மா. பக்கத்து வீட்டம்மா. பக்கத்து வீட்டம்மா. வலி. கடிகாரம். கதவு. தம்பி. அதற்குப் பிறகு ஒன்பது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஜன்னல். தம்பி. குடை. அதற்குப் பிறகு மெஷின், பொத்தான் டப்பா, மறுபடி மெஷின். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், அக்கா என்ன சொல்ல வந்தாள் என்று அவருக்கு விளங்கவே இல்லை. கடைசியாகக் கத்தரிக்கோல். யாருக்கும் கேட்கவில்லை என்று தெரிந்தும், ஆரம்பித்த பேச்சை முறையாக முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

அவர் வாய்விட்டு அழுதார். பக்கத்து வீட்டம்மா வந்து கேட்டபோது, தனியாக இருப்பதால் அழுகை வந்ததாகச் சொன்னார். உள்ளே பார்த்ததை அந்தம்மாவிடம் சொல்ல அவருக்கு மனது வரவில்லை, என்றைக்கும் சொல்லவும் இல்லை.

குழுவிடம் சொன்னார். அடுத்த கூட்டத்தில் படிவம் அவர் முன்னால் வைக்கப்பட்டது. ‘இந்த நகல்களில் எவருக்கும் தேவைப்படக்கூடியது எதுவுமே இல்லை என உறுதி கூறுகிறேன்’ என்று இருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பத்தொன்பது படங்களையும் வரிசையாகச் சொன்னார். வெட்கப்படட்டும் என்றுதான் சொன்னார்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.

“ரொம்ப வருத்தமான விஷயம் ஒட்டு. எங்க எல்லாருடைய அனுதாபத்தையும் தெரிவிச்சுக்கறோம். ஒரு விஷயம் கேக்கணும். வண்ணமெல்லாம் சரியா இருந்துச்சா?”

“என்ன சார்?”

“இல்ல, வலிக்குச் சிவப்பு வட்டம்னு சொன்னீங்களே. நகல்ல அந்தச் சிவப்பு எப்படி இருந்துச்சு?”

“சிவப்பாத்தான் இருந்துச்சு சார்.”

“பாத்தீங்களா” என்று தலைவர் மேஜையைச் சுற்றிலும் பார்த்தார். “ஒன்பது வருஷம் கழிச்சும் நம்ம ஏற்பாடு வேலை செஞ்சிருக்கு. என்னைக்காவது ஒருத்தருக்குத் தேவைப்படும்னு பெரியவங்க யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்க.”

“அந்த நகல் இல்லாம இருந்திருந்தா படம் திரையில வந்திருக்கும் சார். குரல் கேட்டிருக்கும். அந்தம்மா ஓடி வந்திருப்பாங்க.”

“வந்திருக்கலாம்” என்றார் தலைவர் மென்மையாக. “ஆனா ஆதாரம் இருந்திருக்காதே.”

நம் ஆள் படிவத்தை இழுத்துக்கொண்டார். “குடுங்க, கையெழுத்துப் போடறேன். இதுல யாருக்கும் எதுவும் தேவையில்லை.”

செயலாளர் அம்மா படிவத்தின் மேல் கையை வைத்தார். அவர் கெட்டவர் இல்லை, கண்கூடக் கலங்கியிருந்தது. “இப்பதாங்க நீங்களே தேவைப்பட்டுச்சுன்னு சொன்னீங்க. நடவடிக்கைக் குறிப்புல ஏத்திட்டேன். இதுக்கு மேல கையெழுத்துப் போட்டா பொய் உறுதிமொழி ஆயிடும். உங்களுக்குத்தான் பிரச்சினை.”

நகல்களை நிரந்தரமாக வைத்திருப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. மறைந்தவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். நாற்பது விநாடியில் தேநீர் வந்ததால் உட்கார்ந்தார்கள்.

நம் ஆள் தன் இடத்துக்கு வந்தார். பகல் மூன்று மணி. சுற்றிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் நிரலைத் திறந்து, பதினோரு வரிகளையும் பிறகு குழு சேர்க்கச் சொன்னவற்றையும் மேலே இருந்த குறிப்பையும் சேர்த்துத் தேர்வு செய்து, அழித்தார். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. மணி அடிக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அடிக்கவில்லை. வெளியிடு என்ற பொத்தானை அழுத்தினார். வெளியானது. பூட்டு என்று எதுவும் இருந்ததே இல்லை, அந்த ஒரு வரிக் குறிப்புதான் இருந்தது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னாலும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. குழு மாதாமாதம் கூடுகிறது. நகல்கள் அனைத்தும் நல்ல நிலையில் இருப்பதாகவும் வண்ணங்கள் மங்கவில்லை என்றும் சான்று அளித்து வருகிறது.

டேப்லெட்டைத் திருப்பித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியில் இருந்து கடிதம் வந்தது, வரிசையில் வேறு ஒருவர் காத்திருக்கிறார். கொடுப்பதற்கு முந்தின நாள் மாலை அவர் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து பலகையைத் திறந்தார். தண்ணீர் டம்ளரில் இருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கட்டமாகத் தொட்டார். ஏழு தாண்டியது, இருபது தாண்டியது, எங்கேயும் நிற்கவில்லை. அந்தப் பெண் குரல் சளைக்காமல் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வந்தது. நாற்பத்தொன்று ஆனது.

கத்தரிக்கோல் மட்டும் மிச்சமிருந்தது. அவர் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.